ஒரே காட்சி, வேறு வேறு அளவு

லண்டன் தேசியக் கலைக்கூடத்தில் இருக்கும் ஜான் கான்ஸ்டபிளின் ‘வைக்கோல் வண்டி’ 130 செ.மீ. உயரமும் 185 செ.மீ. அகலமும் உள்ள எண்ணெய் வண்ண ஓவியம். இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில் ஓடும் ஸ்டவர் ஆற்றின் ஆழமில்லாத துறையில் ஒரு வெற்று வண்டி இறங்கியிருக்கிறது. இடப்பக்கம் வில்லி லாட் என்ற குடியானவரின் வீடு. வலப்பக்கம், வெகு தூரத்தில், அறுவடைக்காரர்கள் புள்ளி புள்ளியாகத் தெரிகிறார்கள். 1821ஆம் ஆண்டு காட்சிக்கு வந்த படம் இது. அதே நகரின் விக்டோரியா–ஆல்பர்ட் அருங்காட்சியகத்திலும் இதே ஆறு, இதே வீடு, இதே வண்டி, ஏறத்தாழ இதே அளவில் இருக்கின்றன. ஆனால் அவசர அவசரமாக, இருண்ட வண்ணங்களில், துணியின் பழுப்பு நிறம் ஆங்காங்கே தெரியும்படி. மூன்றாவது ஒன்று அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிரிட்டிஷ் கலை மையத்தில் உள்ளது. அதன் அகலம் சுமார் 18 செ.மீ.தான், உள்ளங்கையில் அடங்கிவிடும். மூன்றையும் வரைந்தவர் கான்ஸ்டபிளே.

ஒரு காட்சியை ஓவியர் ஒருவரே வெவ்வேறு அளவுகளில் திரும்பத் திரும்ப வரைவது ஐரோப்பிய ஓவியத்தில் வெகு சாதாரணமான பழக்கம். சிறியதில் தொடங்கிப் பெரியதற்குப் போனவர்கள் உண்டு. பெரியதை முடித்த பிறகு சிறியதற்கு வந்தவர்களும் உண்டு. காரணங்கள் பல: ஒத்திகை, வியாபாரம், பரிசு, அச்சுத் தொழில், பிரிய மனமில்லாமை. காரணம் எதுவானாலும் அளவு மாறும்போது படமும் மாறிவிடுகிறது. எப்படி மாறுகிறது என்பதற்குக் கான்ஸ்டபிளைவிட நல்ல உதாரணம் கிடைப்பது கடினம்.

கான்ஸ்டபிள் ஏன் பெரிய துணிக்குப் போனார் என்பதற்கு லண்டன் ராயல் அகாடமியின் சுவர்களே பதில். ஆண்டுக் கண்காட்சியில் படங்களைத் தரையிலிருந்து கூரைவரை சட்டத்தோடு சட்டம் இடிக்கும்படி நெருக்கி மாட்டினார்கள். சிறிய படங்கள் அந்தக் கூட்டத்தில் காணாமல் போயின. போதாததற்கு நிலக்காட்சி ஓவியத்துக்கு அன்று மதிப்புக் குறைவு. வரலாறும் புராணமும் வரைந்தவர்களுக்கே பெரிய துணியும் பெரிய பெயரும். வாய்க்காலையும் மதகையும் வரைந்துகொண்டிருந்த கான்ஸ்டபிள் 1819இல் ஆறடி அகலத் துணி ஒன்றை எடுத்து ‘வெள்ளைக் குதிரை’யை வரைந்து அனுப்பினார். நண்பர் ஜான் ஃபிஷர் அதை 100 கினிக்கு வாங்கிக்கொண்டார். அந்த ஆண்டின் இறுதியிலேயே அகாடமி அவரை இணை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. அவருக்கு அப்போது வயது 43. அதன் பிறகு அவர் வரைந்த ‘ஆறடிப் படங்கள்’ தனி வரிசையாகவே பேசப்படுகின்றன.

18 செ.மீ. அகலப் படத்தை 185 செ.மீ. அகலத்துக்குக் கொண்டுபோனால் நீளமும் அகலமும் பத்து மடங்கு கூடுகின்றன; பரப்பு நூறு மடங்கு. தூரிகை நூறு மடங்கு பெரிதாவதில்லை. துணியின் நெசவு அப்படியேதான் இருக்கும், பார்ப்பவரின் கண்ணும் அப்படியே. சின்னப் படத்தில் ஒரே இழுப்பில் வந்துவிட்ட மரம், பெரியதில் கிளை எங்கே, இலை எங்கே, இலைகளுக்கு நடுவே வானம் எங்கே என்று கேட்கத் தொடங்குகிறது. சின்னதில் ‘கொஞ்சம் தண்ணீர்’ என்று கடந்துபோன இடம் பெரியதில் ஒரு முழம் வெற்றிடமாக வாயைப் பிளக்கிறது. அங்கே எதையாவது வைக்க வேண்டும், அல்லது அந்த வெறுமையையே பார்க்கும்படி செய்ய வேண்டும்.

நிறமும் நின்ற இடத்தில் நிற்பதில்லை. வீட்டுக்கு வண்ணம் அடித்தவர்களுக்கு இது தெரியும்: கடை அட்டையில் விரல்நுனி அளவு பார்த்துப் பிடித்த மஞ்சள், சுவர் முழுக்க ஏறியதும் கண்ணைக் குத்தும். படத்தின் அளவு கூடும்போதும் இதுவே நடக்கிறது. பார்க்கும் தூரம் இன்னொரு சிக்கல். சிறிய படத்தைக் கையில் வைத்து ஒரே பார்வையில் விழுங்கிவிடலாம். ஆறடிப் படத்தை முழுதாகப் பார்க்க மூன்று மீட்டராவது விலகி நிற்க வேண்டும். பார்த்தவர் அங்கேயே நிற்பதில்லை, நடந்து கிட்டே வந்து மூக்கை நீட்டுவார். அந்த இரண்டு தூரத்துக்கும் ஒரே படம் ஈடுகொடுத்தாக வேண்டும்.

ஆற்றங்கரையில் உட்கார்ந்து வரைந்த சிறு படங்களும் பென்சில் குறிப்புகளும் இதற்கு உதவாது என்று கான்ஸ்டபிள் கண்டுகொண்டார். அவர் கண்ட வழி செலவு பிடித்தது: முடிக்கப்போகும் படத்தின் அதே அளவில் முழு முன்வரைவு ஒன்றை எண்ணெய் வண்ணத்திலேயே வரைந்து பார்த்தார். ஆறடித் துணி ஒன்று, விற்பதற்கோ காட்டுவதற்கோ அல்லாமல், வெறும் ஒத்திகைக்குச் செலவானது. அவருக்கு முன் நிலக்காட்சி ஓவியர்கள் இப்படிச் செய்ததாகச் சொல்வதற்கில்லை. ‘வெள்ளைக் குதிரை’யின் முன்வரைவு இன்று வாஷிங்டன் தேசியக் கலைக்கூடத்தில் உள்ளது. அதை எக்ஸ்-ரே எடுத்தபோது, அடியில் ஸ்டவர் ஆற்று டெடம் பள்ளத்தாக்கின் முடிக்காத காட்சி ஒன்று தெரிந்தது. பழைய துணியின் மேலேயே வரைந்திருக்கிறார். ஒத்திகைக்குப் புதுத் துணி எதற்கு என்று எண்ணியிருக்கலாம்.

‘வைக்கோல் வண்டி’யின் முன்வரைவில், முன்னால் கரையோரமாகக் குதிரை மேல் ஓர் உருவமும் பக்கத்தில் ஒரு நாயும் இருக்கின்றன. முடித்த படத்திலும் அந்தக் குதிரைக்காரனை முதலில் வரைந்திருக்கிறார். பிறகு அழித்து அங்கே ஒரு பீப்பாயை வைத்தார். அதுவும் சரிப்படவில்லை, அதன் மேலும் வண்ணம் பூசினார். மேல் வண்ணம் காலப்போக்கில் மெலிந்து, பீப்பாயின் நிழல் இன்று லேசாகத் தெரிகிறது. கடைசியில் எஞ்சியது நாய் மட்டும். அது வண்டியைப் பார்க்கிறது. பார்க்கிறவரின் கண்ணும் அதைப் பின்பற்றி வண்டிக்குப் போய்விடுகிறது. சிறிய அளவில் இந்தப் பிரச்சினை எழுந்தே இருக்காது. அங்கே குதிரைக்காரன் ஒரு பொட்டு. ஆறடியில் அவன் முன்னால் வந்து வழியை மறித்துக்கொண்டு நின்றான்.

பெரிய அளவு வேறொன்றையும் கேட்டது. படத்தை லண்டனில் உட்கார்ந்து வரைந்துகொண்டிருந்த கான்ஸ்டபிளுக்கு, வண்டியின் சட்டங்கள் எப்படிச் சேர்கின்றன என்பது நினைவில் தெளிவாக இல்லை. அறுவடை வண்டியைப் பார்த்து வரைந்து அனுப்பும்படி சொந்த ஊருக்கு எழுதிக் கேட்டு வாங்கினார். உள்ளங்கைப் படத்தில் நான்கு பழுப்புக் கோடுகளே வண்டி. அதற்கு யாரையும் கேட்க வேண்டியதில்லை.

1824இல் ‘வைக்கோல் வண்டி’ பாரிஸ் கண்காட்சிக்குப் போய்த் தங்கப் பதக்கம் பெற்றது. முன்வரைவுகள் 1837இல் அவர் இறக்கும்வரை அவரிடமே கிடந்தன. பின்னால் ஹென்றி வான் என்ற சேகரிப்பாளர், முடித்த படத்தைத் தேசியக் கலைக்கூடத்துக்கும் முன்வரைவை விக்டோரியா–ஆல்பர்ட் அருங்காட்சியகத்துக்கும் சேரச் செய்தார். 20ஆம் நூற்றாண்டின் ரசனை மாறியபோது வேடிக்கையான ஒன்று நடந்தது. முடித்த படத்தைவிட முன்வரைவுதான் உயிருள்ளது என்று சொல்கிறவர்கள் பெருகினார்கள். அந்தக் கட்சி இன்றும் வலுவாகவே இருக்கிறது. முன்வரைவின் வேகம் அழகுதான். ஆனால் அந்த நாய் எங்கே பார்க்கிறது என்பது முடித்த படத்தில்தான் தெளிகிறது.

வாங்குபவருக்காக அளவு மாறிய கதையும் கான்ஸ்டபிளிடமே உண்டு. சால்ஸ்பரி பேராலயத்தின் கோபுரத்தைத் தன் தோட்டத்திலிருந்து தெரியும்படி வரைந்து தரச் சொன்னார் அந்த ஊர் ஆயர் ஜான் ஃபிஷர். ‘வெள்ளைக் குதிரை’யை வாங்கிய ஃபிஷரின் பெரியப்பா முறை இவர்; இருவருக்கும் பெயர் ஒன்றே. 1823இல் படம் வந்தது. கோபுரத்துக்குப் பின்னால் கவிந்திருந்த கருமேகம் ஆயருக்குப் பிடிக்கவில்லை. அதே ஆண்டு ஆயரின் மகளுக்குத் திருமணம். கல்யாணப் பரிசாக அதே காட்சியைச் சிறிய அளவில் வரைந்தார் கான்ஸ்டபிள். வீட்டில் மாட்டும் அந்தச் சிறிய படத்தில் வானம் வெளிறித் தெளிந்திருக்கிறது. பிறகு பழைய அளவுக்கே திரும்பி, வெயிலடிக்கும் வானத்தோடும் விலகிய மரக்கிளைகளோடும் இன்னொன்றை 1826இல் முடித்தார். அதற்கும் முழு அளவு முன்வரைவு உண்டு. ஆயர் அதைப் பார்க்கவில்லை, 1825இலேயே இறந்துவிட்டார்.

ஒரு காட்சியைப் பெரிதாக்கவும் சிறிதாக்கவும் பழைய வழி கட்டம் போடுவது. சிறிய படத்தின் மேல் சமமான சதுரங்களைக் கீறி, பெரிய துணியிலும் அதே எண்ணிக்கையில் பெரிய சதுரங்களைப் போட்டு, கட்டத்துக்குக் கட்டம் கோட்டை மாற்றுவார்கள். இத்தாலியச் சுவரோவியர்கள் முழு அளவுத் தாளில் வரைந்து, கோட்டின் வழியே ஊசியால் துளையிட்டு, கரித்தூள் முடிச்சைத் தட்டிச் சுவரில் புள்ளிகளை இறக்கினார்கள். 1603இல் ஜெர்மன் பாதிரியார் கிறிஸ்டோஃப் ஷைனர் பாண்டோகிராஃப் என்ற கருவியைச் செய்தார். ஒரு முனை மூலப்படத்தின் கோட்டில் ஓட, இணைகரமாகக் கோத்த சட்டங்களின் மறுமுனை அதையே வேறு அளவில் வரையும்.

டிஜிட்டல் அச்சு வருமுன் சென்னையில் சினிமா பேனர் வரைந்தவர்களும் கட்டம் போட்டவர்களே. ஸ்டில் போட்டோவில் சின்னக் கட்டம், பேனர் துணியில் பெரிய கட்டம். கோடு ஏறியதும் போட்டோவின் நிறத்தை அவர்கள் நம்பவில்லை. கன்னத்தில் ரோஜா நிறமும் தாடையோரம் நீலமும் பச்சையும் அகலமாக இழுத்தார்கள். அண்ணா சாலையில் பஸ்ஸில் போகிறவர் கண்ணுக்கு முகம் முகமாகத் தெரிய அதுதான் வழி. கட்டம் கடத்துவது உருவக் கோட்டை மட்டுமே. மற்றதையெல்லாம் புதிதாகத் தீர்மானிக்க வேண்டியிருந்தது.

பெரியதை முடித்தபின் சிறியதை வரைந்ததற்கு 19ஆம் நூற்றாண்டில் முக்கியக் காரணம் அச்சு. கறுப்பு வெள்ளை அச்சுப் பிரதிகள்தாம் அன்று ஓவியரின் பெயரை ஊர் ஊராகக் கொண்டுபோயின. உலோகத் தகட்டில் செதுக்குபவர் மாதக்கணக்கில் படத்தை அருகில் வைத்துக்கொள்ள வேண்டும். நாலு மீட்டர் உயரப் படத்தை யார் பட்டறைக்கு அனுப்புவது? ஜெர்மானிய அமெரிக்கர் இமானுவல் லாய்ட்ஸாவின் ‘டெலவேர் நதியைக் கடக்கும் வாஷிங்டன்’ இதற்கு நல்ல சாட்சி. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் உள்ள 1851ஆம் ஆண்டுப் படம் 378 செ.மீ. உயரம், 647 செ.மீ. அகலம். அதற்கு முன்பே அவர் தொடங்கிய ஒன்று ஓவியக்கூடத் தீயில் சேதமாகி, பிறகு செப்பனிடப்பட்டு பிரெமன் நகருக்குப் போய், 1942இல் குண்டுவீச்சில் அழிந்தது. செதுக்குபவருக்காக வரைந்த சிறிய படம் ஒரு மீட்டர் உயரமே. அச்சு வேலை முடிந்ததும் அது தன் வழியே போய், பல ஆண்டுகள் வெள்ளை மாளிகைச் சுவரில் தொங்கி, 2022இல் ஏலத்தில் 4.5 கோடி டாலருக்கு விலைபோனது. வேலைக்காக வந்த சிறியது, பெரியது புகமுடியாத இடங்களுக்கெல்லாம் போய்வந்துவிட்டது.

பிரெஞ்சு ஓவியர் தெலக்ருவாவின் காரணம் வேறு. ‘சர்தனபாலின் மரணம்’ என்ற அவருடைய படம் ஏறக்குறைய நாலு மீட்டர் உயரம், ஐந்து மீட்டர் அகலம். 1827–28இல் காட்டியபோது பாரிஸ் விமர்சகர்கள் கிழித்துத் தோரணம் கட்டினார்கள்; வெகுநாள் யாரும் வாங்கவில்லை. 1840களின் நடுவில் ஒருவழியாக விலைபோகும் நிலை வந்தபோது, தன்னிடம் ஒன்று இருக்கட்டும் என்று முக்கால் மீட்டர் உயரத்தில் அதை மறுபடி வரைந்துகொண்டார். இப்போது அது பிலடெல்பியாவில் இருக்கிறது. இன்னொரு பிரெஞ்சு ஓவியர் ஆங்கர் 1808இல் வரைந்த ‘ஈடிபஸும் ஸ்ஃபிங்ஸும்’ கிட்டத்தட்ட ஆளுயரம். பின்னர் அதையே 18 செ.மீ. உயரத்தில் வரைந்தார்; 1864இல், எண்பது வயதைத் தாண்டியபின், ஒரு மீட்டர் உயரத்தில் இடவலம் திருப்பி மறுபடி வரைந்தார்.

எதிர்த்திசையில் போனவர் வில்லியம் ஹோல்மன் ஹன்ட். கையில் விளக்கோடு, புதர் மூடிய கதவைத் தட்டும் இயேசுவை வரைந்த ‘உலகின் ஒளி’ 1853இல் முடிந்தது; உயரம் 125 செ.மீ. சிறிய நகல் ஒன்றும் உண்டு, மான்செஸ்டரில். மூலப்படம் ஆக்ஸ்ஃபோர்டின் கீபிள் கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே அதைப் பார்க்கக் கட்டணம் வாங்கியது ஹன்டுக்குப் பிடிக்கவில்லை. எல்லோரும் இலவசமாகப் பார்க்க ஒன்று வேண்டும் என்று, அரை நூற்றாண்டு கழித்து, கண்பார்வை மங்கிய முதுமையில், எட்வர்ட் ராபர்ட் ஹ்யூஸின் உதவியோடு ஆளுயர அளவில் மறுபடி வரைந்தார். அது 1905 முதல் 1907 வரை கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா என்று கப்பலேறிச் சுற்றிவிட்டு லண்டன் செயின்ட் பால் பேராலயத்தில் குடியேறியது.

வான்கோவின் சிறிய படங்கள் குடும்பத்துக்கானவை. ஆர்ல் நகரில் தான் தங்கிய படுக்கையறையை 1888 அக்டோபரில் 72 × 91 செ.மீ. துணியில் வரைந்தார். கடைகளில் ஆயத்தமாகக் கிடைத்த ‘30ஆம் எண்’ துணி அது. பிரான்சில் துணிகள் எண் போட்டு நிலையான அளவுகளில் விற்கப்பட்டதால், படத்தைச் சிறிதாக்குவது என்றால் கடையில் சிறிய எண்ணைக் கேட்பது என்றே பொருள். அவர் மருத்துவமனையில் இருந்தபோது வீட்டில் ஈரம் ஏறிப் படம் கெட்டது. செப்பனிடுமுன் நகல் எடுத்துக்கொள்ளும்படி தம்பி தியோ சொன்னார். 1889 செப்டம்பரில் சான்-ரெமி மனநலக் காப்பகத்தில் இருந்தபடி அதே அளவில் ஒன்றை வரைந்தார். அதே மாதம் நெதர்லாந்தில் இருந்த அம்மாவுக்கும் தங்கை வில்லுக்குமாக 57 × 74 செ.மீ. அளவில் மற்றொன்று. முதல் படத்தில் கட்டிலுக்கு மேலே நண்பர்கள் இருவரின் உருவப்படங்கள் தொங்குகின்றன. வீட்டுக்கு அனுப்பியதில் அங்கே தொங்குவது வான்கோவின் முகமும் ஒரு பெண்ணின் முகமும். தெரியாத நண்பர்களைப் பார்த்து அம்மா என்ன செய்வார்?

‘சைப்ரஸ் மரங்களுடன் கோதுமை வயல்’ படத்துக்கும் இப்படியே மூன்று. கோடையில் வயலைப் பார்த்து வரைந்த நியூயார்க் படத்தில் வண்ணம் தடித்து எழும்பி நிற்கிறது. செப்டம்பரில் அறைக்குள் வரைந்த லண்டன் படம் அமைதியானது, சுருள்கள் ஒழுங்குபட்டவை. அம்மாவுக்கும் தங்கைக்கும் வரைந்த மூன்றாவது எல்லாவற்றிலும் சிறியது.

அளவுப் பிரச்சினையை நேருக்கு நேர் சந்தித்தவர் ஜார்ஜ் சூரா. அவர் சாயங்களைக் குழைக்காமல் தனித்தனிப் புள்ளிகளாக வைத்தார். குறிப்பிட்ட தூரத்தில் கண்ணே அவற்றைக் கலந்துகொள்ளும் என்பது கணக்கு. ‘கிராண்ட் ஜாட் தீவில் ஒரு ஞாயிறு’ (1884–86) 207 × 308 செ.மீ.; அதற்காகக் கையகலப் பலகைகளில் பல சிறு காட்சிகளையும் ஒரு மீட்டர் அகல முன்வரைவு ஒன்றையும் வரைந்தார். அடுத்து வந்த ‘மாடல் பெண்கள்’ (1886–88) இரண்டு மீட்டர் உயரம், இரண்டரை மீட்டர் அகலம். அதையே பிறகு 39 செ.மீ. உயரத்துக்கு இறக்கி வரைந்தார். படம் ஐந்தில் ஒன்றாகச் சுருங்கினாலும் புள்ளியை அப்படிச் சுருக்க முடியாது; தூரிகை நுனிக்கு ஓர் எல்லை உண்டு. ஆகவே ஒரு முகத்துக்குப் பெரியதில் கிடைத்த புள்ளிகளில் சிறு பங்கே சிறியதில் கிடைத்தது. முகம் குறைந்து நிறத்துகள் முன்னுக்கு வந்தன. இந்தச் சிறிய படம் 2022 நவம்பரில் ஏலத்தில் ஏறக்குறைய 14.9 கோடி டாலருக்குப் போனது. இரண்டு படத்திலும் இடப்பக்கச் சுவரை நிறைத்து நிற்பது ‘கிராண்ட் ஜாட்’ ஓவியமே. சூரா தன் மூன்று மீட்டர் படத்தையும் அதற்குள் மேலும் சிறிதாக்கி வைத்திருக்கிறார்.

அளவு பலவாக ஒரே காட்சி கிடைக்கும்போது, எது முந்தியது என்ற கேள்வி ஆய்வாளர்களை விடாது. சிறியதெல்லாம் முன்வரைவு என்று எடுத்துக்கொள்ள முடியாது என்பதை மேலே சொன்ன படங்களே காட்டுகின்றன. திருத்தங்கள்தாம் இதற்குத் தடயம். தேடித் தேடி வரைந்த படத்தில் அழித்தலும் நகர்த்தலும் வண்ணத்துக்கு அடியில் மிஞ்சியிருக்கும். முடிந்த ஒன்றைப் பார்த்து வரைந்ததில் கை தயங்கிய அடையாளம் குறைவாக இருக்கும். மானேயின் ‘புல்வெளியில் மதிய உணவு’ பாரிஸில் 207 × 265 செ.மீ. அளவிலும், லண்டன் கோர்டால்டு கலைக்கூடத்தில் 90 × 116 செ.மீ. அளவிலும் இருக்கிறது. சிறியதை முன்வரைவு என்றே முன்பு பலர் கருதினார்கள். எக்ஸ்-ரேயில் பெரியதன் அடியில் மாற்றங்கள் தெரிந்தன. சிறியதில் அவை இல்லை. அதனால் சிறியது பின்னால் வரைந்தது என்ற கருத்தே இப்போது ஓங்கியிருக்கிறது.